மறுவிதைப்பு எந்தக் கணக்கில் சேரும்? மானாவாரி விவசாயிகளின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய வேளாண்மை, வருவாய்த் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் ஒரு குடும்பம் நொடித்துப்போவது அறுவடையின்போது என்று நினைக்கிறார்கள். பல வீடுகள் ஐப்பசியிலேயே நொடித்துவிடுகின்றன. பயிர்க் காப்பீடு அந்த மாதத்தைப் பார்ப்பதே இல்லை.

புரட்டாசியில் மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கிறோம். 5 செ.மீ. ஆழத்தில் விழுந்த விதை தூறலுக்கு முளைக்காது, நல்ல மழைக்குத்தான் முளைக்கும். முளைத்த பிறகு இரண்டு வாரம் வானம் காய்ந்தால் கரிசல் வெடித்து இளவேரை அறுத்துவிடும். மக்காச்சோளம் என்றால் ஏக்கருக்கு 8 கிலோ விதை, அதாவது 4 கிலோ பை இரண்டு, மறுபடி வாங்க வேண்டும். டிராக்டர் வாடகையும் அடியுரமும் மறுபடி. முதல் விதைப்புக்கே நகை அடகுக்குப் போயிருக்கும். இரண்டாவதுக்கு ஆடு போகும், அதுவும் இல்லாத வீட்டில் வட்டிக்கடன். அப்புறம் படிக்கிற பிள்ளை தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும்.

2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஒரு பகுதியில் 75 சதவீதத்துக்கு மேல் விதைக்க முடியாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கிடைக்கும். இரண்டு முறை விதைத்தவர் அதில் சேரமாட்டார், அவர் விதைத்துவிட்டாரே! பருவத்தின் நடுவே மகசூல் வழக்கத்தில் பாதிக்கும் கீழே போகும் என்று தெரிந்தால் முன்பணம் உண்டு. மறுவிதைப்பு பிழைத்துக்கொண்டால் அதுவும் இல்லை. அறுவடையில் ஊரின் மகசூல் எந்த அளவுக்குக் கீழே போனால் இழப்பீடு உண்டோ, அந்த உத்தரவாத மகசூல் கடந்த 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியை வைத்து வருகிறது. ஏழில் மூன்று ஆண்டு பொய்த்த ஊரில் அந்த ஐந்துக்குள்ளும் ஒரு கெட்ட ஆண்டு புகுந்துவிடும். அடிக்கடி காய்கிற ஊருக்கே இழப்பீடு குறைகிறது. இது சரியா?

இன்னொரு சிக்கல். ஐப்பசிக் கடைசியில் மக்காச்சோளத்தை மறுபடி போடுவது புத்திசாலித்தனம் அல்ல. பாசிப்பயறு 65 நாளில் வந்துவிடும், கொத்தமல்லி பனியிலேயே தேறும். ஆனால் காப்பீடு மக்காச்சோளத்துக்கு, வயலில் நிற்பது கொத்தமல்லி என்றால் மனு தள்ளுபடி. சரியாக யோசித்தவருக்கே நஷ்டம்.

ஆகவே கேட்கிறோம். ஊராட்சிக்கு ஒரு மழைமானி வையுங்கள். பக்கத்துக் காட்டில் கொட்டிய மழை எங்கள் காட்டில் பெய்திருக்காது. முளைத்த முதல் மாதத்தில் 15 நாள் தொடர்ந்து 2.5 மி.மீ. மழைகூட இல்லை என்றால், அறுவடைவரை காத்திராமல் மறுவிதைப்புச் செலவைக் கொடுங்கள். மாற்றுப்பயிர் விதை அப்போதே கூட்டுறவுச் சங்கத்தில் இருப்பில் இருக்கட்டும். பயிரை மாற்றினால் காப்பீடும் புதிய பயிருக்கு மாற வழி செய்யுங்கள்.

வாய்மொழிக் குத்தகைக்கும் வாரத்துக்கும் (விளைச்சலில் பங்குக்கும்) உழுகிறவர்களையும் விட்டுவிடாதீர்கள். 1955ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பயந்து நிலக்காரர்கள் கையெழுத்துப் போடுவதில்லை. அதனால் நஷ்டம் உழுதவருக்கு, நிவாரணம் பட்டாதாரருக்கு. பக்கத்து வயல்காரர் இருவரின் சாட்சியத்தோடு கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்து, காப்பீட்டுக்கு மட்டும் செல்லுபடியாகும் சாகுபடிச் சான்று கொடுத்தால் போதும். நில உரிமைக்கு அது ஆதாரமாகாது என்று அதிலேயே அச்சிட்டுவிட்டால் நிலக்காரரின் பயமும் தீரும்.

இந்த உத்தரவுகள் ஆவணிக்குள் வந்தால்தான் அடுத்த விதைப்புக்கு உதவும்.

இப்படிக்கு,
கரிசல் மானாவாரி விவசாயிகள்