மன்னிப்பு அவ்வளவு மலிவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘கிறிஸ்தவர்களுக்கு மன்னிப்பு மலிவு; ஞாயிறு அழுவார்கள், திங்கள் பழைய வேலையைப் பார்ப்பார்கள்’ என்று போன வாரம் இப்பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். படித்ததும் கோபம் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது, என்னை நேரில் பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த 2 வருடமும் வெளியூரிலிருந்து தம்பிதான் மருத்துவச் செலவுக்குப் பணம் அனுப்பினான். கணக்கு எழுதியது நான். வாங்காத மருந்தையும் வாங்கியதாக எழுதினேன். அதற்குப் பிறகு 11 வருடம் ஆராதனையில் எல்லாரோடும் நின்று பாவ அறிக்கை சொல்லியிருக்கிறேன். ‘சிந்தையினாலும் சொல்லினாலும் செய்கையினாலும் பாவம் செய்தோம்’ என்பதில் ‘செய்கையினாலும்’ என்ற இடம் வரும்போது மட்டும் வாய் கொஞ்சம் வேகமாக ஓடும். லெந்து என்னும் தவக்கால நாட்களில், பாவத்துக்காக மன்றாடும் 51-ஆம் சங்கீதம் வாசித்து அழுததும் உண்டு. சத்தியமாக நடிப்பில்லை. ஆனால் கணக்கு நோட்டு பீரோவிலேயே கிடந்தது.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும்தான் மனஸ்தாபப்பட்டான், அதற்கு வாங்கிய 30 வெள்ளிக்காசையும் எறிந்துவிட்டான். ஆண்டவரிடம் திரும்பி வர மட்டும் அவனால் முடியவில்லை. அவரைத் தெரியாது என்று மறுதலித்துவிட்டு மனங்கசந்து அழுத சீடன் பேதுரு வந்தான்.

பைபிளில் லூக்கா 19-இல், இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். அதற்குக் கூலியாகத்தான் இரட்சிப்பு கிடைத்தது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இயேசுவோ அவனை மரத்திலிருந்து இறங்கச் சொல்லி, உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார். அதற்கு அப்புறம்தான் அவன் பணப்பேச்சையே எடுக்கிறான். மன்னிப்பு இலவசம்தான், அதுவரை அந்த வாசகர் சொன்னது சரி. விருந்தாளி உள்ளே வந்தபிறகு பீரோவைப் பூட்டி வைக்க முடியவில்லையே, அதை அவருக்கு யார் சொல்வது?

காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்கிறது மத்தேயு 5. நான் போக 11 வருடம் பிடித்தது. எண்ணாகமம் 5 சொல்கிறபடி முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, நோட்டையும் எடுத்துக்கொண்டு போன மாதம் போனேன். தம்பி இரண்டு தடவை எண்ணினான். கூடுதலாக இருந்ததைப் பிரித்து என் பக்கம் தள்ளி, “இது என்னோடது இல்லைண்ணே” என்றான். நோட்டைத் திறக்கவே இல்லை.

அதிலிருந்து அவன் என் போனை எடுப்பதில்லை. ஆராதனை முடிந்ததும் ஞாயிறுதோறும் கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்