ஆங்கிள் பிரேஸ் வாங்கும் முன்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆங்கிள் பிரேஸ் என்பது கணுக்கால் பிசகாமல் தாங்கிப் பிடிக்கிற உறை. "கணுக்காலுக்குப் போடுற பெல்ட் ஒண்ணு குடுங்க" என்று அதைக் கேட்டு வருபவர்களிடம் நாங்கள் உடனே டப்பாவை எடுத்து நீட்டுவதில்லை. எப்போது அடிபட்டது, எந்தப் பக்கம் வலிக்கிறது, ஊன்றி நடக்க முடிகிறதா என்று நாலு கேள்வி கேட்போம். சிலருக்கு அது எரிச்சலாக இருக்கிறது என்பது முகத்திலேயே தெரியும். அந்தக் கேள்விகள் எதற்காக என்று ஒரு தடவை விளக்கமாகவே எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

முதல் கேள்வி, எலும்புக்கு ஏதும் ஆகியிருக்குமா என்பது. சுளுக்கும் எலும்பு முறிவும் முதல் நாளில் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் வீக்கம் இருக்கும், நீலம் பாரிக்கும். எக்ஸ்ரே தேவையா என்று முடிவுசெய்ய, கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட விதிகளை இன்றும் உலகம் முழுக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுத்துகிறார்கள். அடிபட்ட உடனேயும் சரி, மருத்துவரிடம் போன பிறகும் சரி, நொண்டியாவது நான்கு அடி வைக்க முடியவில்லையா? கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கிற எலும்புகளின் நுனியிலோ, அங்கிருந்து பின்விளிம்பில் மேலே 6 செ.மீ. வரையிலோ அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே துருத்துகிற எலும்பிலோ, உள்பக்கம் வளைவுக்கு மேலே இருக்கிற எலும்பிலோ தொட்டால் வலியா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் முதலில் எக்ஸ்ரே, அப்புறம்தான் கடை. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் இந்தச் சோதனையை நம்பவே கூடாது. அவர்களுக்கு எலும்பு உடைந்திருந்தாலும் வலி தெரியாமல் போகலாம்.

அடுத்தது, எந்தப் பக்கம் வலி. கால் பிசகும்போது பெரும்பாலும் பாதம் உள்நோக்கித் திரும்பும். அப்போது கணுக்காலின் வெளிப்பக்கத்து லிகமென்ட்டுகள், அதாவது எலும்புகளைப் பிணைக்கிற நார்கள், இழுபட்டுக் கிழிகின்றன, அதிலும் முன்பக்கமாக ஓடுகிற நார்தான் முதலில். உள்பக்கத்து நார் அகலமானது, உறுதியானது, அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது. கடையில் கிடைக்கும் பிரேஸ்களில் பெரும்பாலானவை இந்த வெளிப்பக்கச் சுளுக்கை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. வலி கணுக்காலுக்குச் சற்று மேலே, இரண்டு கால் எலும்புகளும் சேருமிடத்தில் இருந்தால் அது வேறு வகை. ஆற நாளாகும், சாதாரண பிரேஸ் அதற்குப் போதாது, மருத்துவர்தான் பார்க்க வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் வலி, உள்ளங்காலில் வலி என்று சொல்பவர்களுக்கும் நாங்கள் ஆங்கிள் பிரேஸ் தருவதில்லை.

சரி, எதை வாங்குவது? எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது சாக்ஸ்போல இழுத்து மாட்டுகிற எலாஸ்டிக் ஸ்லீவ். எங்களிடம் உள்ள மூன்று வகை பிரேஸ்களில் பாதத்தை மிகக் குறைவாகத் தாங்குவதும் அதுதான். அதை மாட்டிக்கொண்டு பாதத்தை மெதுவாக உள்நோக்கித் திருப்பிப் பாருங்கள், தடையே இல்லாமல் திரும்பும். ஸ்லீவ் லேசான வீக்கத்தை அழுத்தி வைக்கும், கதகதப்பாக இருக்கும், கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற உணர்வைக் கொஞ்சம் கூட்டும். நாள் முழுக்க நின்று வேலை செய்பவருக்கு, பழைய சுளுக்கில் லேசான வலி மட்டும் இருப்பவருக்கு அது போதும். நேற்று கால் பிசகி இன்று வீங்கி நிற்பவருக்குப் போதாது.

அப்படிப்பட்டவருக்கு இருபுறமும் கெட்டியான பிளாஸ்டிக் தட்டு வைத்த வகை நல்லது. உள்ளே காற்றுப் பையோ ஜெல் பையோ இருக்கும், குதிகாலுக்கு அடியில் ஒரு பட்டை ஓடும். பாதம் மேலும் கீழும் அசையும், பக்கவாட்டில் சாயாது. அதனால் பிரேஸோடு நடக்க முடியும். வீக்கம் ஏற இறங்க வெல்க்ரோவைத் தளர்த்தி இறுக்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது, லேஸ் கட்டி, மேலே 8 வடிவில் பட்டை சுற்றுகிற வகை. வீக்கம் வடிந்து விளையாட்டுக்கோ கடினமான வேலைக்கோ திரும்புபவர்களுக்கு நாங்கள் எடுத்துக் காட்டுவது இதைத்தான். ஷூவுக்குள் அடங்கும், ஓடலாம், குதிக்கலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பள்ளிக் கூடைப்பந்து வீரர்கள் 1,460 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. லேஸ் பிரேஸ் போட்டவர்களுக்குக் கணுக்கால் காயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. ஆனால் பிரேஸையும் மீறிக் காயம் பட்டவர்களுக்கு அதன் கடுமை குறையவில்லை. பிரேஸ் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் கண்டபடி குதிப்பவர்கள் இந்தக் கடைசி வரியைக் கவனிக்கவும்.

முழங்கால் வரை ஏறுகிற பெரிய காலணியான பூட்ஸைக் காட்டி, "விலை கூடினதே குடுங்க, சீக்கிரம் சரியாகட்டும்" என்பவர்களும் உண்டு. பிரிட்டனில் கடுமையான சுளுக்கோடு வந்த 584 பேரை நான்காகப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்று மாத முடிவில் நன்றாக முந்தியவர்கள் 10 நாள் மாவுக்கட்டு போட்டவர்கள். பக்கத்தட்டு பிரேஸ் போட்டவர்களும் குழாய்போன்ற இறுக்கத் துணி மட்டும் மாட்டியவர்களைவிடத் தேறியிருந்தார்கள். பூட்ஸ் அந்தத் துணியைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. ஒன்பது மாதத்தில் நான்கு பிரிவினருக்கும் வித்தியாசமே இல்லை. மருத்துவர் எழுதித் தந்தால் பூட்ஸைத் தருகிறோம். நாங்களாக அதை உங்கள் தலையில் கட்ட மாட்டோம்.

அளவு விஷயத்தில் ஊகம் வேண்டாம். சில நிறுவனங்கள் ஷூ அளவை வைத்து அளவிடுகின்றன. சில, புடைத்த எலும்புக்குச் சற்று மேலே கணுக்காலின் சுற்றளவைக் கேட்கின்றன. இன்னும் சில, குதிகாலிலிருந்து புறங்கால் வரை சுற்றி எடுக்கச் சொல்கின்றன. ஒரு நிறுவனத்தின் 'மீடியம்' இன்னொன்றின் 'லார்ஜ்' ஆக இருக்கலாம். டப்பாவில் எங்கே அளக்கச் சொல்லியிருக்கிறதோ அங்கே, எழுந்து நின்று, காலைத் தரையில் ஊன்றி அளந்துகொண்டு வாருங்கள். மாலையில் அளந்தால் இன்னும் நல்லது, கால் அப்போதுதான் கொஞ்சம் உப்பியிருக்கும்.

மாட்டும் விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முதலில் சுருக்கமில்லாத சாக்ஸ், அதன்மேல் பிரேஸ், பிறகு லேஸ் கட்டுகிற ஷூ. செருப்போடு போட்டால் குதிகால் நழுவும், பிரேஸ் பாதி வேலையைக்கூடச் செய்யாது. ஷூ இறுக்கமாக இருந்தால் உள்ளே இருக்கிற மெத்தையைக் கழற்றிப் பாருங்கள். உட்கார்ந்து, குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி, பாதத்தைக் காலுக்குச் செங்குத்தாக வைத்துக்கொண்டு லேஸைக் கீழிருந்து மேலாக இறுக்குங்கள். பட்டைகளில் முக்கியமானது, உள்பக்கம் தொடங்கி, பாதத்துக்கு அடியில் போய், வெளிப்பக்கமாக மேலேறுவது. வெளிப்பக்கச் சுளுக்குக்கு அதைத்தான் நன்றாக இழுத்து ஒட்ட வேண்டும், பாதம் உள்நோக்கிச் சரியாமல் பிடித்து வைப்பது அதுதான். அதைத் தலைகீழாகச் சுற்றினால் காலை இன்னும் பிசகும் பக்கமே இழுத்ததுபோல் ஆகிவிடும்.

மாட்டியதும் கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். விரல் மரத்தாலோ, சில்லிட்டாலோ, நீலமானாலோ தளர்த்திவிடுங்கள். தூங்கும்போது, மருத்துவர் போடச் சொன்னால் தவிர, கழற்றிவிடலாம். கால் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், ஆறாத புண் உள்ளவர்கள் கேட்காமல் எதையும் இறுக்கிக் கட்டக் கூடாது. கெண்டைக்கால் வீங்கி, சூடாகி வலித்தால் அது ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

எத்தனை நாள் போடுவது? லேசான சுளுக்கு ஒன்று முதல் மூன்று வாரத்தில் அடங்கும். நார் பாதி கிழிந்திருந்தால் மூன்று முதல் ஆறு வாரம். முழுக்கக் கிழிந்தால் மாதக்கணக்கு. வலி போனதும் நார் பழைய பலத்துக்கு வந்துவிட்டதாக அர்த்தமில்லை. ஒருமுறை பிசகிய கால் மறுபடி பிசகும் வாய்ப்பு அதிகம், அதனால் விளையாடுபவர்கள் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆட்ட நேரத்தில் மட்டும் பிரேஸைத் தொடர்வது நல்லது. கூடவே பயிற்சி வேண்டும். வலி குறைந்ததும் சுவரோரம் நின்று, பிரேஸ் இல்லாமல், அடிபட்ட காலில் 30 விநாடி ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், உட்கார்ந்த இடத்தில் கால் கட்டைவிரலால் காற்றில் எழுத்துகள் எழுதுங்கள். இதைச் செய்யாதவர் ஆறு மாதத்தில் இன்னொரு பிரேஸ் வாங்க வருவார். எங்களுக்கு வியாபாரம்தான், இருந்தாலும் வேண்டாம்.

துவைக்கும்போது வெல்க்ரோவை ஒட்டிவைத்து, லேசான சோப்பில் கையால் அலசி, நிழலில் காயப்போடுங்கள். பட்டை இழுத்த இடத்தில் நிற்கவில்லை என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

அளவு பொருந்தாவிட்டால், வெளியே போட்டு நடக்காமல், டப்பாவோடு கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம். மாட்டத் தெரியவில்லை என்றால் வாங்கிய பிரேஸோடு ஷூவையும் சாக்ஸையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். உட்கார வைத்து, பட்டையை எப்படி இழுப்பது என்று காட்டிக்கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்கள்