டிக்கியில் நாலு பாட்டில்

கண்ணுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம். படித்துவிட்டு வண்டியிலேயே போட்டு வை.

பொங்கலுக்கு வந்திருந்தாயே, அன்றைக்கே எனக்குத் தெரியும். கரும்பு வைக்க டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னி பக்கத்தில் நாலு பாட்டில் தண்ணீர். சங்ககிரியிலிருந்து ஓசூர் போக ஒருத்திக்கு நாலு பாட்டில் எதற்கு? ரேடியேட்டரில் தண்ணி குறையக் குறைய ஊற்றத்தான். நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் இன்ஜின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்ட பிறகுதான் போன் வந்தது.

ஆனாலும் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, ரேடியேட்டர் மூடியில் கை வைக்காமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாய் பார், அது போதும் எனக்கு. என் இடது கையில் இருக்கும் தழும்பு அதே ஏற்றத்தில் வாங்கியது. அடுப்பில் சுட்டது என்று சின்ன வயதில் உன்னிடம் சொல்லியிருப்பேன். லாரியில் முழு லோடு, ரேடியேட்டர் கொதிக்கிறது, நேரமாகிறதே என்று ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திருகினேன். மூடி இறுகியிருக்கும்வரை உள்ளே அழுத்தம் நிற்கும், 100 டிகிரி தாண்டியும் தண்ணி பொங்காது. திறந்தால் அந்த நொடியே பொங்கி மேலே அடிக்கும். ஆவி அடங்காத குக்கர்தான் அது.

ஓசூர் மெக்கானிக் பானெட்டைத் தூக்கிப் பார்த்த கையோடு ரேடியேட்டரை மாற்றச் சொன்னாராம். மாற்ற வேண்டியும் இருக்கலாம். ஆனால் தண்ணி எந்த வழியாகப் போகிறது என்று பார்க்காமல் எதை மாற்றுவது? பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல். சைக்கிள் பம்பு மாதிரி ஒரு கைப்பம்பு, மேலே மீட்டர். வண்டி ஆறியிருக்கும்போது மூடி இருக்கும் இடத்தில் மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்று அடிக்க வேண்டும். 0.9 அல்லது 1.1 என்று போட்டிருக்கும், அதற்கு மேல் அடிக்கக் கூடாது. கால் மணி நேரம் முள் நின்றால் வெளியே லீக் இல்லை. இறங்கினால் டார்ச் அடித்துத் தேட வேண்டும். நீயும் பக்கத்திலேயே நில். மூடியையும் அதே பம்பில் சோதிக்கலாம். அதன் ரப்பர் போயிருந்தாலும் தண்ணி வெளியேறும், அதற்கு ரேடியேட்டரையே மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ் ஹோஸ், அந்த ரப்பர் குழாய், ரேடியேட்டரில் மாட்டும் இடத்தில், கிளிப்புக்கு அடியில், உப்புப் பூத்த மாதிரி வெள்ளையும் பச்சையுமாக ஒரு கோடு. கூலன்ட், அதாவது ரேடியேட்டர் தண்ணியில் கலக்கும் மருந்து, கசிந்து காய்ந்தால் அப்படித்தான் இருக்கும். என் சந்தேகம் அங்கேதான். ஆறின வண்டியில் ஹோஸை அமுக்கிப் பார். கல் மாதிரி இருந்தாலும், கொழகொழவென்று ஊதியிருந்தாலும் ஆயுசு முடிந்தது. கிளிப்பை மட்டும் இறுக்கி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதே, ஹோஸும் கிளிப்பும் புதிதாகப் போடச் சொல். அப்படியே வாட்டர் பம்பின் அடியையும் பார்க்கட்டும். அதன் உடம்பில் சின்ன ஓட்டை ஒன்று உண்டு, அதில் ஈரம் கண்டால் உள்ளே சீல் போயிற்று.

இடது பக்கம் கால் வைக்கும் இடத்துக்குக் கீழே சொட்டுவதைப் பார்த்துப் பயப்படாதே, அது ஏசி தண்ணி. விரலில் தொட்டால் வெறும் தண்ணி மாதிரி இருக்கும், நிறமோ வாசமோ இராது. கூலன்ட் வழவழக்கும், இனிப்பாக ஒரு வாடை அடிக்கும்.

முள் சிவப்புக்குப் போன வண்டி என்பதால் இன்னொன்றும் பார்த்தாக வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடியைப் பார். பால் காபி நிறத்தில் ஏடு படிந்திருந்தாலோ, சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம், இன்ஜின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் தகடு அது. அப்போது ஓட்டாதே, எனக்குச் சொல், பஸ் ஏறி வருகிறேன்.

இனி என் கதை. உன் வண்டி என்னிடம் இருந்த ஆறு வருஷமும் நம் வீட்டுப் போர் தண்ணியைத்தான் ஊற்றினேன். வெந்நீர்ப் பானையில் வெள்ளை வெள்ளையாகப் படியுமே, அதே தண்ணி. லாரிப் பழக்கம். அதோடு விட்டேனா? உன்னிடம் கொடுப்பதற்கு முந்தின வருஷம் கீழே சொட்டியது. ஒரு கைப்பிடி மஞ்சள்தூளை உள்ளே போட்டேன். லாரிக்காரர் வைத்தியம் அது. மஞ்சள் போய் ஓட்டையை அடைக்கும், வண்டி ஊர் வந்து சேரும். வந்ததும் முழுக்கக் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். சொட்டு நின்றது, நான் கழுவவில்லை. அம்மா மஞ்சள் டப்பாவைத் தேடினாள், அவளிடமும் சொல்லவில்லை. பிறகு சாவியை உன் கையில் கொடுத்தேன். நீ பாட்டிலை மறைத்ததற்கு உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

அதனால் உள்ளே தண்ணி விட்டுக் கழுவச் சொல். மஞ்சளாக வந்தால் மெக்கானிக்கிடம் என் பேரைச் சொல்லிக்கொள். கழுவியும் சூடு ஏறினால் ரேடியேட்டரை மாற்றிவிடலாம், பாதிப் பணம் என்னுடையது. பிறகு கூலன்டில் பாதி, பேட்டரிக்கு விடும் டிஸ்டில்டு தண்ணி பாதி. கலந்தே விற்கும் கூலன்ட் வாங்கினால் அதில் மறுபடி தண்ணி சேர்க்காதே. நிரப்பியதும் ஹீட்டரைத் திறந்துவைத்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை இன்ஜின் ஓடட்டும், உள்ளே நிற்கும் காற்று வெளியேறும். ஆறின பிறகு குறைந்ததை ஊற்றி, கூலன்ட் டப்பாவில் மட்டம் எங்கே நிற்கிறது என்று பேனாவால் கோடு போடு. ஒரு வாரம் கழித்து, காலையில் கிளப்புவதற்கு முன் பார்த்துச் சொல்.

பழைய கூலன்டைத் தரையில் கொட்ட விடாதே. இனிக்கிறது என்று நாய் நக்கினால் செத்துப்போகும். அந்த நாலு பாட்டிலில் ஒன்று அம்மா செக்கில் நல்லெண்ணெய் வாங்கும் பாட்டில், பொங்கலிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறாள். அதில் கூலன்ட் பட்டிருந்தால் திருப்பி எடுத்து வராதே, நசுக்கி எறிந்துவிடு. நான் அவளுக்கு வேறு வாங்கித் தருகிறேன்.

அப்பா