'குவாண்டம்' என்றதும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த குவாண்டம் ஹீலிங் (எலக்ட்ரான் போன்ற நுண்துகள்களை ஆராயும் குவாண்டம் இயற்பியலின் பெயரைச் சொல்லிச் செய்யும் சிகிச்சை) கட்டுரையில், பார்ப்பவரின் மனம்தான் துகளின் நிலையைத் தீர்மானிக்கிறது, ஆகவே எண்ணத்தாலேயே நோயைக் குணமாக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். 17 வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிற எனக்கு, அதைப் படித்ததும் எங்கள் பெரியம்மாவின் ஞாபகம்தான் வந்தது.

பெரியம்மாவுக்கு 11 வருஷமாகச் சர்க்கரை. போன ஆடியில் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஓர் இலவச முகாம் போட்டார்கள். ஓர் உலோகக் குச்சியை ஒரு நிமிஷம் கையில் பிடிக்கச் சொன்னார்களாம். குச்சியிலிருந்து ஒரு ஒயர் லேப்டாப்புக்குப் போனது. அவ்வளவுதான், கல்லீரல், சிறுநீரகம், எலும்பு, கண் என்று கலர் கலராக 30 பக்க ரிப்போர்ட். எல்லாம் உடம்பின் குவாண்டம் அதிர்வு என்று விளக்கம். 4,000 ரூபாய்க்குப் பொடி வாங்கி வந்தவர், சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாவது வாரம் கொல்லைப்புறத்தில் தலைசுற்றி விழுந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது சர்க்கரை 412.

கட்டுரை சொல்லும் 'பார்ப்பது' இயற்பியலில் வேறு பொருள் உடையது. இரட்டைப் பிளவுச் சோதனையில், இரண்டு மெல்லிய பிளவுகள் வழியாக எலக்ட்ரான்களை அனுப்பினால், எதிரே உள்ள திரையில் வரிவரியாகப் பட்டைகள் தெரியும்; இவைதான் குறுக்கீட்டுப் பட்டைகள். எலக்ட்ரான் எந்தப் பிளவு வழியாகப் போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு கருவியை வைத்தால், அந்தப் பட்டைகள் மறைந்துவிடும். எலக்ட்ரான் போன வழி கருவியில் பதிவாகிவிடுவதுதான் காரணம். ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டாலும் பட்டைகள் மறையத்தான் செய்யும். இதில் மனித மனதுக்குப் பங்கு இருக்கலாம் என்று 1961-இல் யூஜின் விக்னர் என்ற இயற்பியலாளர் எழுதியது உண்மை. பின்னால் அவரே அந்தக் கருத்தைக் கைவிட்டார். பிரக்ஞை என்பது என்ன என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. அதைப் பற்றி யோசிப்பதில் எனக்கு ஆர்வம் உண்டு. ஆனால் விடை தெரியாத அந்தக் கேள்வியை வைத்து ஒருவருடைய மாத்திரையை நிறுத்தக் கூடாது.

சரி, குவாண்டம் புரியாதவர்கள் இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது? அமெரிக்காவின் கொலராடோவில் 9 வயதுச் சிறுமி ஒருத்தி செய்து காட்டியிருக்கிறாள். அங்கே 'தெரபியூட்டிக் டச்' என்று ஒரு சிகிச்சை உண்டு. நோயாளியைத் தொடாமல், உடம்புக்குச் சற்று மேலே கையை அசைத்து, ஆற்றல் புலத்தைச் சரிசெய்வதாகச் சொல்வார்கள். 1970-களில் அதை உருவாக்கிய இருவரில் டோலோரஸ் கிரீகர் அந்த ஆற்றலுக்கு நம் 'பிராணன்' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார். இன்னொருவரான டோரா குன்ஸ், நம் அடையாற்றில் தலைமையகம் உள்ள பிரம்மஞான சபையின் அமெரிக்கக் கிளைக்குத் தலைவராக இருந்தவர்.

எமிலி ரோசா என்ற அந்தச் சிறுமி ஓர் அட்டைத் தடுப்பை நிறுத்தி, அதன் ஓட்டைகள் வழியாகச் சிகிச்சையாளர்களின் இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னாள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, அவர்களுடைய ஏதாவது ஒரு கைக்கு மேலே தன் கையை வைத்தாள். எந்தக் கைக்கு மேலே என்று அவர்கள் சொல்ல வேண்டும். 21 பேர், 280 முறை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாக வரும். அவர்கள் சரியாகச் சொன்னது 123 முறை, அதாவது 44 சதவீதம். 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் அதை வெளியிட்டபோது அவளுக்கு வயது 11. நான் வருஷா வருஷம் முதல் வகுப்பில் இதைத்தான் சொல்லித் தொடங்குகிறேன்.

பெரியம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். "ஆஸ்பத்திரியில நிமிந்தே பாக்க மாட்டாங்க. முகாமுல இருந்த புள்ள அரை மணி நேரம் நான் சொன்னதையெல்லாம் பொறுமையா கேட்டுச்சு" என்றார். மறுக்க முடியவில்லை. பரிவாகக் கேட்டால் பயம் குறையும், வலிகூடக் குறைந்ததாகத் தோன்றும். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை அதனால் இறங்கிவிடாது. நம் டாக்டர்கள் கூடுதலாக ஐந்து நிமிஷம் கொடுத்தால் இந்த மண்டபங்களில் பாதி நாற்காலி காலியாகும் என்பது என் எண்ணம்.

சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. தங்கள் இதழ் இதையும் வாசகர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். முகாம் நடத்துகிறவர்கள் சம்மதித்தால், ஒரே ஆளை மூன்று பெயரில் மூன்று முறை அந்தக் குச்சியைப் பிடிக்க வைத்து, மூன்று ரிப்போர்ட்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கலாம். என் மாணவர்களோடு வந்து அதைச் செய்துதர நான் தயார்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியை,
கும்பகோணம்.