பல் பிடுங்கியதுதான், கண்ணு

அம்மிணி,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா நாலு வார்த்தை பேசினார், உடனே நீ "அம்மாகிட்ட குடுங்க" என்றாய். என்னிடம் குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்கு ஏம்மா நாக்கு குழறுது?" என்று கேட்டாய். கடைவாய்ப் பல் பிடுங்கி வாயில் பஞ்சு வைத்திருந்தார், அவ்வளவுதான். சொன்னதும் சிரித்தாய். ஆனால் கேட்பதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுத்தாயே, அது எனக்குக் கேட்டது. பத்து வயதிலும் அப்படித்தான் இழுப்பாய்.

அப்பா வந்து இறங்கும் சத்தம் கேட்டால் நான் உன்னைத்தான் வாசலுக்கு அனுப்புவேன். நீ ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்வாய். பார்க்கிறவர்கள், "பொண்ணுக்கு அப்பன் மேல எவ்வளவு பாசம்" என்பார்கள். குடித்திருக்கிறாரா என்று நீ மோந்து பார்த்துவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்று தலையாட்டுவாய். ஆமாம் என்றால் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன். இல்லை என்றால் கடன்காரன் வந்துபோனதைச் சொல்வேன். எல்லையில் இருக்கிற வேலந்தாவளம் செக்போஸ்ட் மாதிரி வீட்டுக்குள் உன்னை நிறுத்தி வைத்திருந்தேன்.

ஊரின் மேல் பழி போட எனக்கு எவ்வளவோ இருக்கிறது. கேரள எல்லையில் நம் கோழிஞ்சாம்பாறையைச் சுற்றித் தென்னந்தோப்பெல்லாம் கள்ளு. பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து தெற்கு ஜில்லாக்களுக்குப் போகும் கள்ளு வண்டிகளில் ஒன்றைத்தான் உன் அப்பா ஓட்டினார். தமிழ்நாட்டில் 1987லிருந்து கள்ளுக்குத் தடை, அதனால் பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள் இங்கே வருவார்கள். இங்கே ஒண்ணாம் தேதி பீவரேஜ் மதுக்கடையும் பாரும் மூடினால் நம் ஆட்கள் அங்கே டாஸ்மாக்குக்குப் போவார்கள். 1996ல் கேரளாவில் சாராயத்தை நிறுத்தினபோது உன் அமுச்சி மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். உன் அப்பா பிராந்திக்கு மாறிக்கொண்டார், சம்பளம் இன்னும் சீக்கிரம் தீர்ந்தது.

சரி, ஊர் இருக்கட்டும். நான் என்ன செய்தேன் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

வண்டி முதலாளி போன் பண்ணினால் உன் கையில் கொடுத்து, "அச்சனு பனியாணு", அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொல்ல வைத்தேன். உன் மலையாளம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் கடனையெல்லாம் அடைத்தேன், வாந்தியைத் துடைத்தேன், காலையில் ஒன்றும் நடக்காத மாதிரி காபி கொடுத்தேன். அவர் குடித்ததன் வலி அவருக்கே தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த மாத்திரை. நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். குடிக்கிறவருக்குத் தெரியாமல் கொடுத்தால் குடியே பிடிக்காமல் போய்விடும் என்று யாரோ சொல்லி வாங்கி வந்தேன். பொடித்து ரசத்தில் கலந்து, நான் ஊற்றினால் சந்தேகப்படுவார் என்று உன் கையில் கரண்டியைக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே அவர் குடித்தார். முகம் ரத்தமாகச் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்துத் திண்ணையில் சாய்ந்தார். நீ ஒரு மூலையில் உட்கார்ந்து, "நான்தானே ஊத்துனேன், நான்தானே ஊத்துனேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். டைசல்ஃபிரம் என்று அதற்குப் பெயராம். குடித்தால் என்ன ஆகும் என்று விளக்கி, ஆள் சம்மதித்த பிறகு டாக்டர்தான் கொடுக்க வேண்டுமாம், தெரியாமல் கொடுத்தால் உயிரே போகலாமாம். எனக்கு அது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு நீ ஊற்றவில்லை கண்ணு, நான்தான் ஊற்றினேன். இதை உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தது உனக்குத் தெரியும். இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்தது தெரியாது, நான் மறைத்தேன். வருஷக்கணக்காகக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் அப்படி வருமாம், வீட்டில் பூட்டி வைத்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். பூட்டி வைக்கத்தான் நான் யோசித்திருந்தேன். பதினோரு மாசம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் மறுபடி குடித்தார். அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. மறுபடி சேர்த்தோம். அங்கிருந்துதான், குடியை விட நினைக்கிறவர்கள் சேர்ந்து நடத்தும் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார்.

குடிகாரர்களின் வீட்டுக்காரர்களுக்கும் தனிக் கூட்டம் இருக்கிறது, வாங்க என்று ஒரு சேச்சி கூப்பிட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. குடித்தது அவர், எனக்கு எதற்கு வைத்தியம்? ஏ.ஏ. 1935ல் அமெரிக்காவில் தொடங்கியது. ஆரம்பித்த இருவரில் ஒருவரின் மனைவி லோயிஸ். புருஷன் குடியை விட்ட பிறகும் தன் மனம் ஆறவில்லை என்று கண்டவள் அவள். 1951ல் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து, குடும்பத்தாருக்கென்று அல்-அனானைத் தொடங்கினாள். இதை அந்த சேச்சி சொன்ன அன்றுதான் நான் உட்கார்ந்து அழுதேன். அவர் குடியை நான் உண்டாக்கவில்லை, என்னால் அடக்கவும் முடியாது, குணமாக்கவும் முடியாது என்று அங்கே சொல்வார்கள். முதல் பாதி ஆறுதலாக இருந்தது, மறுபாதியை ஒத்துக்கொள்ள ஒரு வருஷம் ஆனது.

போன தடவை உன் வீட்டுக்கு வந்தபோது ஒன்று பார்த்தேன். மாப்பிள்ளை காபியைத் தவிர எதையும் தொடாதவர். அவர் அரைமணி நேரம் தாமதமானால் நீ ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடக்கிறாய். அன்று பேரன் ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தான். நீ அவன் முகத்தையே பார்த்தாய். அவன் அப்பா பையில் மிட்டாய் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தான்.

நேற்று நீ கேட்டது அப்பாவுக்கும் புரிந்துவிட்டது. "கேக்கட்டும், அவளுக்கு அந்த உரிமை இருக்கு" என்றார். உரிமை இருக்கலாம். ஆனால் உன்னைக் காவலுக்கு வைத்தது நான்தானே, நானே உன்னை விடுவிக்க வேண்டும். இனி அவர் தொடவே மாட்டார் என்று நான் எழுதித் தர முடியாது. எட்டு வருஷம் ஆகியும் அவரே, "இன்னைக்கு இல்ல" என்றுதான் சொல்கிறார். மறுபடி ஏதாவது ஆனால் டாக்டர் இருக்கிறார், கூட்டத்து ஆட்கள் இருக்கிறார்கள், நான் இருக்கிறேன். நீ மோந்து பார்க்க வேண்டியதில்லை. தான் யாருக்கெல்லாம் கெடுதல் செய்தோம் என்று அவர் எழுதி வைத்திருக்கும் நோட்டில் முதல் பெயர் உன்னுடையது. அதை அவரே உன்னிடம் பேசுவார், அவருக்காக நான் பேசப்போவதில்லை.

ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறிலிருந்து ஏழரை வரை இரண்டு பேரும் கூட்டத்தில் இருப்போம், இரண்டு போனும் அணைந்திருக்கும். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு எட்டிப் பார்க்கச் சொல்லாதே. போன வாரம் அவள் டார்ச்சோடு வந்து கொல்லைப்புறமெல்லாம் தேடியிருக்கிறாள்.

அம்மா