நூறு டாலர் சம்பளமும் எங்கள் பக்கத்து வீட்டு உறுப்பினரும்

நியூ ஹாம்ப்ஷயர் சட்டமன்ற உறுப்பினர்கள் 424 பேருக்கும் நாஷுவாவிலிருந்து ஒரு வாக்காளரின் வணக்கம்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணி இந்த முறை மனு தாக்கல் செய்யப்போவதில்லை என்று போன வாரம் சொன்னார். உங்களோடு சபையில் உட்கார்ந்திருந்தவர்தான். தன் பெயரை எழுத வேண்டாம் என்றார். எந்தக் கட்சி என்பதையும் விட்டுவிடுகிறேன், ஏனென்றால் இது இரண்டு கட்சிக்காரர்களுக்கும் நடக்கிறது.

முதியோர் இல்லமொன்றில் இரவுப் பணி அவருக்கு. சபை கூடும் நாளில் காலை ஏழு மணிக்கு வேலை முடியும். அங்கேயே முகம் கழுவி, சீருடை மாற்றி, பனியில் மாநிலத் தலைநகர் கான்கார்டுக்குக் கார் ஓட்டுவார். மாலை திரும்பி வந்து மூன்று மணி நேரம் தூங்குவார், அப்புறம் மறுபடி வேலை. மார்ச் மாதம், அடிக்கடி விடுப்பு கேட்கிறார் என்று சொல்லி அவருடைய பணி நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். அந்த மாத வாடகைக்குத் தங்கையிடம் கடன் வாங்கினார். படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்கவைப்பதற்கு எத்தனை பேர் வேண்டும் என்று கமிட்டியில் கை தூக்கிச் சொல்லத் தெரிந்தவர் அவர். அடுத்த ஆண்டு அந்த நாற்காலியில் அவர் இருக்கமாட்டார்.

சம்பளம் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். இரண்டாண்டுக்கு 200 டாலர், அதாவது ஆண்டுக்கு 100. மணிக்கு 7.25 டாலர் என்ற குறைந்தபட்சக் கூலியில் 14 மணி நேரம் வேலை பார்த்தாலே அது வந்துவிடும். பயணப்படி தருகிறீர்கள், சரி. அது பெட்ரோலுக்கு ஆகும், வாடகைக்கு ஆகாது.

1889-ல் இந்தத் தொகையை அரசியலமைப்பில் எழுதியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அன்று 200 டாலர் ஒரு தொழிலாளிக்குப் பல மாதக் கூலி. சபையும் அப்போது இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் கூடியது. 1984-ல் ஆண்டுதோறும் கூடலாம் என்று வாக்காளர்கள் ஒப்புக்கொண்டார்கள். வேலை கூடியது, சம்பளத்தில் ஒரு டாலர்கூடக் கூடவில்லை. இதைச் சரிசெய்யத்தான் கேட்கிறேன்: சம்பளத்தை உயர்த்தும் அரசியலமைப்புத் திருத்தத்தை வாக்காளர்கள் முன் வையுங்கள்.

இது சேவை, சம்பளத்துக்குச் செய்வதல்ல என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். ஓய்வு பெற்ற பின்பும் கான்கார்டுக்கு ஓடி ஓடி உழைக்கும் பெரியவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஓய்வூதியமோ சேமிப்போ சம்பாதிக்கும் துணையோ இருந்தால்தான் சேவை செய்ய முடியும் என்றால், செவிலியரும் சமையல்காரரும் எங்கே போவார்கள்? ஏறக்குறைய 3,400 பேருக்கு ஓர் உறுப்பினர் என்று 400 பேர் கொண்ட கீழவை வைத்திருப்பதே பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வரட்டும் என்பதற்குத்தானே!

நியூ ஜெர்சியில் 2021-ல் எட்வர்ட் டர் என்ற லாரி ஓட்டுநர் மாநில செனட் தலைவரையே தோற்கடித்தார். தோற்ற ஸ்டீவ் ஸ்வீனியும் இரும்புக் கட்டுமானத் தொழிலாளியாக இருந்தவர். அங்கே அப்போது சம்பளம் ஆண்டுக்கு 49,000 டாலர். சிறுவயதில் இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் மூன்று விரல்களை இழந்த மொன்டானா விவசாயி ஜான் டெஸ்டர் மாநில செனட்டில் தொடங்கித்தான் வாஷிங்டன் போனார். இவர்களைப் போன்றவர்கள் ஏறும் முதல் படி உங்கள் சபைதான், அந்தப் படியையே உடைத்து வைத்திருக்கிறோம். உங்களை மட்டும் சொல்வானேன், டெக்சாஸில் 1975-லிருந்து மாதம் 600 டாலர்தான். நாடு முழுக்க, உழைக்கிற மக்களைப் பற்றி மேடையில் பேசாத தலைவர் இல்லை. அவர்கள் சபைக்கு வர வழி கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை. இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவோடு அந்தத் திருத்தத்தை நிறைவேற்றி அனுப்புங்கள். பிறகு வாக்காளர்களிடம் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளைத் திரட்டுவது எங்கள் பாடு, வீடு வீடாக நடக்க நான் தயார். தயவுசெய்து அதன் பொது விசாரணையை மட்டும் மாலை ஆறு மணிக்கு மேல் வையுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்மணி இரவுப் பணிக்குப் போகும் முன் வந்து பேசிவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.