பட்டம் வாங்கிய மகள் அம்மாவுக்கு எழுதியது

கேம்பிரிட்ஜ், மாசசூசெட்ஸ்
2.6.2019

அன்புள்ள அம்மா,

போனில் பாதி நேரம் அழுகையிலேயே போய்விட்டது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பியை வாசித்துக் காட்டச் சொல்லாதே, நீயே நிதானமாகப் படி.

வியாழக்கிழமை காலையிலேயே அங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். கறுப்பு அங்கி. மார்பில் இரண்டு பக்கமும் காக்கைக் கால் மாதிரி ஒரு பூவேலை. எங்கள் கல்வியியல் துறைக்கு வெளிர் நீல நூல். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழாவை மண்டபத்தில் நடத்துவதில்லை. பெரிய நூலகத்துக்கும் தேவாலயத்துக்கும் நடுவே, மரங்கள் நிற்கும் திடலில்தான். மாவட்ட ஷெரிஃப் மேடையேறி, தடியால் மூன்று முறை தட்டிய பிறகுதான் எல்லாம் தொடங்கும். இது 368-வது விழா.

இங்கே எல்லாரையும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. துறை துறையாக எழுப்பி மொத்தமாகப் பட்டம் அறிவிக்கிறார்கள். கல்வியியல் மாணவர்கள் எழுந்ததும் கையில் ஒரு குழந்தைப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவது வழக்கம். நான் எதைத் தூக்கினேன் தெரியுமா? எனக்கு ஐந்து வயதில் நீ வாங்கித் தந்த யானைப் படப் புத்தகம். நீ ஒட்டிய பிரவுன் டேப் இன்னும் அட்டையில் இருக்கிறது. பக்கத்திலிருந்த பெண் எழுத்தைத் தொட்டுப் பார்த்து, "இது என்ன மொழி?" என்றாள். தமிழ் என்று சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொண்டது.

அப்புறம் கௌரவப் பட்டங்கள். ஜெர்மனியின் பிரதமர் அங்கேலா மெர்க்கலுக்குச் சட்டத்தில் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். 2005-ல் அந்தப் பதவிக்கு வந்தவர். மத்தியானம் அவர்தான் பேசினார். இயற்பியல் படித்தவர், கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர். பெர்லின் நகரத்தைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த சுவருக்குப் பக்கத்தில்தான் குடியிருந்தாராம். தினமும் வேலை முடிந்து சுவரை நோக்கியே நடந்து வருவார், அந்தப் பக்கம் சுதந்திரம், ஆனால் கடைசி நேரத்தில் வீட்டுப் பக்கம் திரும்பிவிட வேண்டும். 1989-ல் சுவர் விழுந்தபோது அவருக்கு 35 வயது. எதுவும் இப்படியே இருந்தாக வேண்டியதில்லை என்று அவர் சொன்னபோது கூட்டமே எழுந்து நின்ற மாதிரி எனக்கு இருந்தது.

ஆனால் அம்மா, உனக்கு நான் சொல்ல வந்தது வேறு. அவருக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், கடைசியில் கொஞ்சம் இங்கிலீஷில் பேசவும் செய்தார். இருந்தும் பேச்சில் பெரும்பகுதி ஜெர்மன்தான். அவர் கொஞ்சம் பேசுவார், நிறுத்துவார், பக்கத்தில் நின்ற பெண் இங்கிலீஷில் சொல்வார். அத்தனை ஆயிரம் பேரும் பொறுமையாகக் காத்திருந்து கேட்டார்கள். யாரும் அவரைக் குறைவாக நினைக்கவில்லை.

"எனக்கு இங்கிலீஷ் வராது, அங்கே வந்து வாயில்லாப் பூச்சியாக உட்கார்ந்திருக்கணும்" என்று சொல்லித்தானே நீ வரவில்லை? இருபத்திரண்டு வருஷமாக அங்கன்வாடியில் பிள்ளைகளைப் பேசவைத்தவள் நீ. எனக்கு முதல் எழுத்தைச் சொல்லித் தந்தவள். உனக்காக வாங்கிய நாற்காலியில் யாரோ ஒருவருடைய பாட்டி உட்கார்ந்திருந்தார், நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூலையில் இங்கே ஒரு பள்ளியில் வேலைக்குச் சேருகிறேன். அடுத்த கோடைக்குள் நீ வந்துவிட வேண்டும். இந்த வாரமே பஸ் ஸ்டாண்ட் எதிரே இருக்கும் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துவிடு. அந்த ஊதாப் புடவையைக் கட்டிக்கொள். இங்கே வந்து யாரிடம் வேண்டுமானாலும் தமிழிலேயே பேசு. நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே வருகிறேன்.

உன் மகள்